சலாமிக்குள்ளே என்ன இருக்கிறது?

மாலை ஏழு மணி. மாஹிம் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில், கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெரியும் ஒரு ‘கோல்டு ஸ்டோரேஜ்’ கடை. ஆபீஸ் விட்டு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடைக்குள் கத்தி பிடித்து நிற்கும் பையன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வரிசையில் நிற்கும் குமாஸ்தா ஒருவரும் அந்தச் சீமையைச் சேர்ந்தவர்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகும் மகளின் ரொட்டிக்கு நடுவே வைக்க ‘சிக்கன் சலாமி’ ஒரு பொட்டலம் வேண்டும் அவருக்கு.

“ஏ தம்பி, இதுல என்னதான் போடுதாங்க? கோழிக்கறி இவ்வளவு சிவப்பா இருக்குமா?”

“அட்டையில எல்லாம் எழுதியிருக்கு அண்ணாச்சி. யாரு வாசிக்கா?”

பையன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பொட்டலத்தின் பின்புறத்தில் கடுகளவு எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நம் நாட்டு விதிப்படி அது ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் மட்டும் படித்து மும்பைக்கு வந்த தாய்மார்களுக்கு அது வெறும் பூச்சி எழுத்து. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கோ நடுவில் வரும் எண்கள் புரிவதில்லை. அந்த அட்டையில் உள்ளதைத் தமிழில் வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பில் பிறந்த பெயர்கள்

இறைச்சியைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் வித்தை வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காயவைத்த உப்புக்கண்டத்தை நம் பாட்டிமார் அடுப்படிப் பரணில் வைத்திருந்தார்கள். கருவாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரத்தை எடுத்துவிட்டால், உப்பை ஏற்றிவிட்டால், கிருமிக்குப் பிழைப்பு இல்லை. இந்த ஒரு தத்துவத்தை உலகமெல்லாம் தெரிந்து வைத்திருந்தது.

ஐரோப்பாவிலும் அதே கதைதான். ‘சாஸேஜ்’ என்ற சொல் உப்பிட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘சலாமி’ என்ற இத்தாலியச் சொல்லுக்கும் உப்புதான் வேர். பன்றியை அறுத்த நாளில் நல்ல துண்டுகளைச் சமைத்துவிட்டு, மீதித் துண்டுகளையும் கொழுப்பையும் கொத்தி, உப்புச் சேர்த்து, கழுவிய குடலுக்குள் அடைத்து, புகையிலோ காற்றிலோ தொங்கவிட்டார்கள். குளிர்காலம் முழுவதற்கும் அது உணவு. ஒன்றையும் வீணாக்காத ஏழைக் குடியானவனின் சிக்கனம் அது.

மும்பைவாசிகள் இதைப் பார்க்க இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. கோவாக்காரர்கள் ‘சோரிசோ’ என்று சொல்லும் பன்றி இறைச்சிக் கோவையை இங்கேயே பார்க்கலாம். துண்டு துண்டாக நறுக்கிய கறி, கொழுப்பு, உப்பு, கள்ளிலிருந்து எடுத்த காடி, சிவப்பு மிளகாய், பூண்டு, மசாலா இவற்றை ஊறவைத்துக் குடலில் அடைத்து, மணிமாலை போல முடிந்து காயவைப்பார்கள். மீன்பிடி ஓய்ந்துபோகும் மழைக்காலத்தில் கோவா வீடுகளில் இதுவே கைகொடுக்கும். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த வித்தை. நம் நாட்டுக் காடியும் மசாலாவும் சேர்ந்து புதுப்பிறவி எடுத்தது. இது பச்சைக் கறியே. சமைத்துத்தான் உண்ண வேண்டும்.

ஆனால் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வழவழப்பான சலாமி வேறு சாதி. இத்தாலியில் சலாமி என்றால் வாரக்கணக்கில் புளிக்கவைத்து உலர்த்திய பச்சைக் கறி. நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் எந்திரத்தில் அரைத்து, உறையில் அடைத்து, வேகவைத்துச் சீவிய பண்டம். சாஸேஜுக்கும் அதற்கும் பருமனில்தான் வேற்றுமை.

ஆலைக்குள் நடப்பது என்ன?

முதலில் கறி. கோழியின் நெஞ்சுப் பகுதியும் தொடையும் நல்ல விலைக்குத் தனியே விற்றுப் போய்விடும். மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் சாஸேஜுக்கு வருகின்றன. முதுகெலும்பிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் கறியைக் கத்தியால் எடுப்பது கூலிக்குக் கட்டாது. அதனால் பல நாடுகளில் அந்த எலும்புக்கூட்டையே எந்திரத்தில் இட்டு, சல்லடை வழியாக அழுத்துகிறார்கள். எலும்பு ஒரு பக்கம் நிற்க, கறி மறுபக்கம் பசைபோல் வெளிவருகிறது. ‘எந்திரத்தால் பிரித்த இறைச்சி’ என்று இதற்குப் பெயர். இது நஞ்சல்ல, மண்ணுமல்ல. ஆனால் முழுத் தொடைக்கறியும் இதுவும் ஒன்றாகா. விலை குறைந்த சாஸேஜ் எப்படிக் குறைந்த விலைக்குக் கட்டுபடியாகிறது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

அடுத்தது அரைத்தல். சுழலும் பெரிய வட்டிலில் வேகமாக ஓடும் கத்திகள். அதில் கறி, கொழுப்பு, உப்பு, மசாலா, ஐஸ் கட்டி எல்லாம் போகும். ஐஸ் எதற்கு? கத்தி ஓடும் வேகத்தில் கறி சூடேறும். சூடேறினால் கொழுப்பு உருகித் தனியே பிரிந்துவிடும். ஆகவே கலவையை ஏறக்குறைய 12 டிகிரி அளவிலேயே வைத்திருக்க ஐஸ் போடுகிறார்கள். அந்த ஐஸ் உருகிய தண்ணீர் கலவையிலேயே தங்கிவிடுகிறது. உப்பு பட்டதும் கறியிலுள்ள புரதம் கரைந்து பசைபோலாகி, கொழுப்புத் துளிகளையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டு உரலில் உளுந்து மாவு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பொங்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

தண்ணீர் இன்னும் நன்றாக நிற்கப் பாஸ்பேட் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. கலவை கெட்டிப்பட ஸ்டார்ச்சு, சோயாப் புரதம், பால் பொடி முதலியவை சேர்வதுண்டு. கறி விலையைவிட மாவு விலை குறைவு என்பதும் சேர்ப்பதற்கு ஒரு காரணம்.

பிறகு கலவையை உறைக்குள் செலுத்தி, புகை காட்டி, உள்மையம் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வேகவைத்து, உடனே குளிர்நீர் தெளித்து ஆற்றுகிறார்கள். செயற்கை உறையாக இருந்தால் அதை எந்திரமே உரித்துவிடும். உரித்த சாஸேஜ் பொட்டலத்துக்குப் போகும். தடித்த உறையில் வெந்தது சீவப்பட்டுச் சலாமியாகும்.

‘ஹாம்’ செய்யும் முறை வேறு. பன்றித் தொடைக்குள் வரிசை வரிசையான ஊசிகளால் உப்புநீரை ஏற்றி, பெரிய உருளையில் போட்டு மணிக்கணக்கில் உருட்டி, அச்சில் அழுத்தி வேகவைக்கிறார்கள். ஒரு கிலோ கறிக்குள் 200 கிராம் உப்புநீர் ஏறி அங்கேயே நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் 1,200 கிராமுக்குக் காசு கொடுக்கிறார். அதில் 200 கிராம் தண்ணீருக்கும் ஹாம் விலையே கொடுக்கிறார். இத்தாலியில் பார்மா நகரத்து ஹாமோ, கடல் உப்பு ஒன்றை மட்டுமே தடவி ஓராண்டுக்கு மேல் காற்றில் உலர்த்தப்படுகிறது. அதில் எடை ஏறுவதில்லை, குறைகிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

சிவப்புக்குக் காரணம் யார்?

குமாஸ்தா கேட்ட கேள்விக்கு வருவோம். வீட்டில் வேகவைத்த கறி பழுப்பாகிறது. கடைச் சலாமி மட்டும் இளஞ்சிவப்பாகவே இருப்பது எப்படி?

சோடியம் நைட்ரைட் என்ற உப்புதான் காரணம். பழங்காலத்தில் கறிக்கு உப்பிடும்போது வெடியுப்பும் சிறிது சேர்த்தார்கள். கறி சிவந்து நின்றது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. வெடியுப்பு கறியில் நைட்ரைட்டாக மாறுகிறது என்றும், அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு கறியின் நிறப்பொருளோடு சேர்ந்து, வெந்தாலும் மாறாத சிவப்பைத் தருகிறது என்றும் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹால்டேன் 1901-இல் விளக்கினார். வெடியுப்பைச் சுற்றி வளைப்பானேன் என்று நைட்ரைட்டையே நேராகச் சேர்க்க அமெரிக்கா 1925-இல் அனுமதித்தது.

நிறத்துக்காக மட்டும் அதைச் சேர்க்கவில்லை. 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதி மருத்துவரும் கவிஞருமான யூஸ்டினுஸ் கெர்னர், கெட்டுப்போன சாஸேஜைத் தின்று கண் மங்கி, நாக்குக் குழறி, மூச்சடைத்து இறந்தவர்களைப் பற்றி நூல்கள் எழுதினார். அந்த நஞ்சைத் தாமே சிறிது உண்டும் சோதித்தார். 1895-இல் பெல்ஜியத்தில் ஒரு சிற்றூரில் சவ ஊர்வலத்துக்கு வாத்தியம் வாசிக்கப் போனவர்கள் ஹாம் உண்டார்கள். பலர் படுத்தார்கள், மூவர் மாண்டார்கள். அந்த ஹாமிலிருந்து வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் கிருமியைப் பிரித்தெடுத்தார். ‘பாட்டுலினம்’ என்று இன்று அழைக்கப்படும் அக்கிருமியின் பெயரே சாஸேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காற்றில்லாத இடத்தில் வளரும் இந்தக் கிருமியை நைட்ரைட் அடக்கி வைக்கிறது. ஆகவே அது காவல்காரன்.

காவல்காரனே கள்ளனாவதும் உண்டு. நைட்ரைட் கறியின் புரதப் பொருள்களோடு அதிகச் சூட்டிலும், வயிற்றுக்குள்ளும் சேர்ந்து நைட்ரோசமின் என்ற பொருள்களை உண்டாக்கும். இவ்வகையில் ஒன்று எலிகளுக்கு ஈரல் புற்றுநோய் தருவதை இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1956-இல் கண்டார்கள். அதனால்தான் பல நாடுகளில் நைட்ரைட்டுக்கு உச்ச அளவு உண்டு. அமெரிக்க விதிப்படி சாஸேஜுக்கு 100 பவுண்டு கறிக்குக் கால் அவுன்ஸ். அதாவது 45 கிலோவுக்கு ஏறத்தாழ 7 கிராம். நைட்ரோசமின் உண்டாவதைக் குறைக்க வைட்டமின் சி வகை உப்பையும் கூடச் சேர்க்கிறார்கள்.

‘நைட்ரைட் சேர்க்கப்படாதது’ என்று விளம்பரம் செய்யும் சரக்குகளும் வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. அவற்றில் பலவற்றில் செலரிக் கீரையின் பொடி சேர்ந்திருக்கும். அந்தக் கீரையில் நைட்ரேட் இயற்கையாகவே மிகுதி. கதவை மாற்றி உள்ளே வந்தவனும் அதே ஆள்தான்.

உலக சுகாதார நிறுவனம் சொன்னது

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒரு முடிவை வெளியிட்டது. 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் கூடி, 800-க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் வைத்தார்கள். நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. 50 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு சாஸேஜ்.

புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உடனே, “சலாமியும் பீடியும் ஒன்று” என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். அது தவறு. புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதை அந்தப் பிரிவு காட்டுகிறதே தவிர, தீங்கின் அளவைக் காட்டவில்லை. எப்போதோ ஒரு நாள் உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. தினந்தோறும் பிள்ளையின் டிபன் பெட்டியில் வைப்பவர் யோசிக்க வேண்டும்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அட்டையில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமுக்குச் சோடியம் 800 மில்லிகிராம் என்றிருந்தால், உப்பு 2 கிராம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உண்ணும் நம்மவருக்கு இது கூடுதல் பாரம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க.

குளிர்பெட்டியில் வளரும் கிருமி

பெரும்பாலான கிருமிகள் குளிரில் அடங்கும். லிஸ்டீரியா என்ற கிருமியோ குளிர்பெட்டியிலும் மெதுவாக வளரும். 2017, 2018 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் 1,000-க்கு மேற்பட்டோரை அது தாக்கியது. 200-க்கு மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பச்சிளங்குழந்தைகள் பலர். ‘போலோனி’ என்று அங்கே சொல்லும், சலாமி போன்ற மலிவான பண்டமே காரணம் என்று கண்டறியப்பட்டது. ரொட்டிக்குள் வைத்து ஏழைத் தொழிலாளர் அன்றாடம் உண்ணும் உணவு அது.

கர்ப்பிணிகள் குளிர்ந்த சலாமி, ஹாம் இவற்றை அப்படியே உண்ணக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இக்கிருமி தாயை லேசாகத் தொட்டுவிட்டு வயிற்றிலுள்ள பிள்ளையை வதைக்கும். ஆவி பறக்கச் சுடவைத்தால் கிருமி சாகும். ஏற்கெனவே வெந்ததுதானே என்று பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே பிள்ளை வாயில் கொடுப்பது நல்ல பழக்கமல்ல.

உறை யாருடையது?

நம்மவர் பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. ‘சிக்கன்’ என்று எழுதியிருப்பது உள்ளே இருப்பதைப் பற்றி. வெளி உறை ஆட்டுக் குடலாக இருக்கலாம். பன்றிக் குடலாக இருக்கலாம். மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனதாக இருக்கலாம். தாவர நாரிலிருந்து செய்து பின்னால் உரித்தெடுத்ததாகவும் இருக்கலாம். மாட்டிறைச்சி உண்ணாதவரும் பன்றி இறைச்சி உண்ணாதவரும் இதை அட்டையில் பார்க்க வேண்டும். அதில் தெளிவில்லையென்றால் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. காசு நம்முடையது, நம்பிக்கையும் நம்முடையது.

சட்டம் வந்த கதை

அமெரிக்காவில் சிகாகோ நகரத்து இறைச்சி ஆலைகளைப் பற்றி அப்டன் சின்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாவல் 1906-இல் நூலாக வந்தது. லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளி குடும்பம் அந்த ஆலைகளில் படும் பாடே கதை. கூலியின் கண்ணீரைச் சொல்ல எழுதினார் ஆசிரியர். படித்த மக்களோ தங்கள் தட்டில் இருக்கும் சாஸேஜைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 30-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். உண்பவனுக்குச் சட்டம் உடனே வந்தது. உழைப்பவன் இன்னும் நெடுநாள் காத்திருந்தான்.

நம் நாட்டில் 1973-இல் இறைச்சி உணவுப் பொருள் ஆணை வந்தது. உரிமம் இல்லாமல் ஆலை நடத்தக் கூடாது, சுகாதார விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றெல்லாம் அது வகுத்தது. அதே ஆண்டில் கேரள அரசு கூத்தாட்டுக்குளத்தில் தன் இறைச்சி நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னர் 2006-இல் நிறைவேறி, 2011-இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பழைய ஆணை அடங்கிவிட்டது.

அட்டையை வாசிப்பது எப்படி?

பொருள்களின் பட்டியல் எடை வரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. முதலில் இருப்பது அதிகம். கடைசியில் இருப்பது குறைவு. கறிக்கு அடுத்தபடியே தண்ணீரும் ஸ்டார்ச்சும் வந்தால் சரக்கின் தரம் புரிந்துவிடும்.

எண்களைக் கண்டு மிரள வேண்டாம். 250 என்றால் சோடியம் நைட்ரைட். 251 சோடியம் நைட்ரேட். 252 நம் பழைய வெடியுப்பு. 450, 451, 452 தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாஸ்பேட்டுகள். 301, 316 வைட்டமின் சி வகையைச் சேர்ந்த உப்புகள். 621 ருசியைக் கூட்டும் அஜினோமோட்டோ.

பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறதா, கெடு தேதி தாண்டவில்லையா, பொட்டலம் உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் தொடவே கூடாது. மதியம் வாங்கி, மூன்று மணி நேரம் லோக்கலில் தொங்கிக்கொண்டு வந்து, இரவு குளிர்பெட்டியில் வைப்பதில் பயனில்லை. வீடு திரும்பும் வழியில் கடைசியாக வாங்குவதே சரி. கரியும்படி பொரிக்காமல், மிதமான தீயில் சுடவைப்பது நல்லது.

மாஹிம் கடையில் வரிசை நகர்கிறது. குமாஸ்தா பொட்டலத்தைத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் ஏற்றி, வாசிக்கத் தொடங்குகிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கடைசியில் அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, “ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு வாங்கிக்கிடுதேன் தம்பி. இப்ப அரை டஜன் முட்டை குடு” என்கிறார்.

பையன் சிரித்துக்கொண்டே முட்டையை எண்ணுகிறான். முட்டையின் ஓட்டில் எண் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.